ராசா அழுகிற காட்சி

அந்தப் பையில கால் படாமப் பாத்துக்கிடுங்க தம்பி. உள்ள கிரீடம் இருக்கு. தங்கம் இல்ல, பயப்படாதிய. கட்டையில செஞ்சு சரிகைத்தாள் ஒட்டினது. எங்க தாத்தா தலையில இருந்தது, எங்க அப்பா தலையில இருந்தது, இப்போ என் தலை. மேல வச்சா பஸ் போற போக்குல உருண்டுரும், அதான் காலுக்குள்ள வச்சிருக்கேன். இந்தத் தூக்குப்போணியை மடியில வச்சிக்கிடுதேன். இதுல சோறு.

எங்க போறேன்னு கேக்கியளா? வள்ளியூர் தாண்டி புளியடி விலக்கு. எம் மகன் வீடு. மகன் இல்ல, வீடு இருக்கு. தபசு காலத்துல, அதான் நாப்பது நாள் நோன்புல, செத்துப் போனான். ஆமா, இந்த வருசந்தான். இருக்கட்டும், நீங்க என்ன செய்வீய.

பேரு பொனிப்பாஸ் மோத்தா. இராயப்பன்துறை, கடக்கரை. ஆனா ஊர்ல வந்து பொனிப்பாஸ்னு கேட்டா பாதிப் பேரு முழிப்பான். ராசா வீடு எதுன்னு கேளுங்க, சின்னப் புள்ளகூட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுரும். எஸ்பானியா தேசத்து லெவிகில்து ராசா. நான்தான் அது. சிரிக்காதிய. கூத்துல சொல்லுதேன்.

மூணு வருசத்துக்கு ஒருக்கா, பாஸ்கா, அதான் சேசு உயிர்த்த திருநாள், அதுக்கு மறுநாள், எங்க கோயில் முத்தத்துல எர்மன் ராசன் கூத்து. பகல்லதான். ராத்திரி கடலுக்குப் போற ஊரு, விடிய விடிய எவன் உக்காருவான். எர்மெனகில்துன்னு முழுப் பேரு, எங்க வாயில அது நுழையாம எர்மன் ஆயிட்டு. எஸ்பானியா இளவரசன். அப்பன் லெவிகில்து வேற மதம், ஆரியூஸ் கூட்டம்பாவ, சேசுவைப் பிதாவுக்குச் சமமா ஒத்துக்கிடாத கூட்டம். மகனுக்குக் கட்டி வச்ச பொண்ணு இங்குந்தை, அவ நம்ம வேதம். அவ சொல்லச் சொல்ல மகன் மாறிட்டான். அப்பனுக்குப் பொறுக்கல. சண்டை நடக்கு, முற்றுகை நடக்கு, மகனைப் பிடிச்சு ஜெயில்ல போடுதான். பாஸ்கா அன்னைக்கு ஒரு மேற்றிராணியாரை அனுப்புதான். பிஷப்புன்னு வச்சிக்கிடுங்க. 'இவரு கையால நம்ம மதத்து நன்மையை வாங்கு, கதவு திறக்கும்.' நன்மைன்னா பூசையில குடுக்குற அப்பம். மகன் மாட்டேன்னுட்டான். ராசா உத்தரவு போடுதான், கோடாலி விழுது. அம்புட்டுத்தான் கதை. எர்மன் புனிதர் ஆயிட்டாரு.

ராசா வேசம் எங்க வீட்டு உரிமை. வேற எவனும் கட்ட முடியாது. கட்டினா கஷ்டம் தம்பி. நான் உத்தரவு போட்டதும் பொம்பளைய மண்ணை வாரி எறிவாளுவ. நீ விளங்குவியா, உன் வம்சம் தழைக்குமான்னு என் மூஞ்சிக்கு நேரா ஏசுவாளுவ. மறுநாள் ஏலத்துல என் மீனை ஒருத்தி கையில எடுக்க மாட்டா. நான் சந்தோசமா நிப்பேன். நல்லாக் கட்டியிருக்கேன்னு அர்த்தம்லா. கித்தேரியான், அவன்தான் மேற்றிராணியார் வேசம், எங்க அண்ணாவியும் அவன்தான், பாட்டுச் சொல்லிக் குடுக்கறவன். அவன் சொல்லுவான், 'உனக்கு ஏச்சுதான்டே மாலை'ன்னு.

ஆனா ஒரு முறை இருக்கு. தபசு காலம் முழுக்க ராசா கட்டுறவனும் எர்மன் கட்டுறவனும் பேசிக்கிடக் கூடாது. எதுத்தாப்புல வந்தா ஒருத்தன் ஒதுங்கிடணும். கூத்து முடிஞ்சதும் ராசா கிரீடத்தைக் கழட்டி எர்மன் காலடியில வைப்பான். வச்சுட்டு வேசத்தைக் கலைச்சு, அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, வெறுஞ்சோறும் சுட்ட கருவாடும் தன் கையால ஊட்டணும். பகைமுறிச் சோறுன்னு சொல்லுவோம். அது ஆகலைன்னா மகனைக் கொன்ன பாவம் கட்டினவன் மேல நின்னுரும். வேசத்தோட ஊட்டக் கூடாது. அது முக்கியம்.

ஜன்னலைக் கொஞ்சம் ஏத்துங்க, வெயில் அடிக்கி. ஆங், போதும்.

ஒருக்கா ஒரு காலேஜ் வாத்தியார் கூத்துப் பாக்க வந்தாரு. எஸ்பானியா சரித்திரம் படிச்சவரு. எனக்குக் கை குடுத்துட்டு, 'ஐயா, உங்க ராசா லேசுப்பட்டவன் இல்ல, சிதறிக் கிடந்த தேசத்தை அடிச்சுச் சேத்தவன்'னாரு. எங்க கூத்துல அது ஒரு வரி கிடையாது. தன் பேர்ல காசு அடிச்சானாம். ராசாவோட கோத்து இனத்துக்காரனும் உள்ளூர்க்காரனும் கலியாணம் பண்ணக்கூடாதுன்னு இருந்த சட்டத்தை எடுத்தானாம். அதைவிட ஒண்ணு சொன்னாரு. மகன்தான் முதல்ல நான் ராசான்னு கிளம்பினவனாம். அப்பனுக்கு எதிரா வெளியூர்ப் படையைக் கூப்பிட்டவனாம். நான் கித்தேரியான்கிட்ட ஓடினேன். 'கேட்டியாடே, ராசா பக்கத்துலயும் நியாயம் இருக்கு'ன்னேன். அவன் கண்டுக்கவே இல்ல. ராசா பக்கத்துக் கதையை யாரு கேக்கா, சொல்லுங்க.

இன்னொண்ணும் சொன்னாரு. ராசா சாகுற காலத்துல படுத்துக்கிட்டே அழுதானாம். நாள் கணக்கா அழுதான்னு ஒரு பழைய புஸ்தகத்துல இருக்காம், அது நெசமான்னு தெரியாதுன்னும் சொன்னாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. ராசா அழுகிற காட்சி எங்க கூத்துல இல்ல பாத்தியளா. எழுதின ஆளு விட்டுட்டாரு. கித்தேரியானைக் கெஞ்சினேன், ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு சேருடேன்னு. 'சேத்தா யாரு நிப்பா? மகன் செத்ததும் சனம் பாயைச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சிரும். அழுகிற ராசாவைக் காலி முத்தத்துலதான் ஆடணும்'னுட்டான். அதோட விட்டுட்டேன்.

எம் மகன் பேரு ரெமிஜியுஸ். ரெமி. போட்டு எஞ்சின் மெக்கானிக். கடல்ல நிக்கிற எஞ்சினைச் சத்தத்தை வச்சே இன்ன கோளாறுன்னு சொல்லுவான், கெட்டிக்காரன். ஒரு தடவை எர்மன் கட்டுற ஆளுக்கு அம்மை வந்துட்டு. யாரைப் போடன்னு முழிச்சாவ, இவன் நான் கட்டுதேன்னான். அப்பனும் மகனும் அப்பன் மகனாக் கட்டுறது எங்க ஊர்ல வழக்கம் இல்ல. நான் சரின்னுட்டேன். ஒரே வீட்டுல தபசு காலம் பூரா பேசாம இருந்தோம். அவன் அம்மா செலஸ்தீனா நடுவுல நின்னுக்கிட்டு, 'ராசாவுக்குத் தண்ணி வேணுமாம், இளவரசனுக்குச் சட்டை வேணுமாம்'னு ரெண்டு பேரையும் கேலி பண்ணிக்கிட்டே கிடந்தா. நல்ல காலம் அது.

அன்னைக்குக் கூத்துல உத்தரவு போடுற இடம் வந்துது. எனக்கு வாய் வரல. சங்கிலியோட நிக்கான், என்னையே பாக்கான். கித்தேரியான் பின்னால இருந்து அடியெடுத்துக் குடுக்கான். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். சனம், என்னமா கட்டுதான் பாருன்னுச்சு. வீட்டுக்கு வந்து சோறு ஊட்டினேன். ஆளு வளந்து என்னைவிட உசரம், சின்னப் புள்ள மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு இருந்தான். கருவாட்டு முள்ளு எடுத்தியளாப்பான்னு கேட்டான். எடுத்துட்டேன்டேன்னேன்.

பிறகுதான் வள்ளியூர்ப் பக்கம் வேலைக்குப் போனான். பம்ப்செட்டு ரிப்பேர், நல்ல வருமானம்னான். அங்க பெல்சியான்னு ஒரு பொண்ணு. சபைக்காரி. பெந்தெகொஸ்து சபை. அவளைக் கட்டிக்கிடுதேன்னான். கட்டிக்கோ, ஞானஸ்நானம் வாங்கட்டும், நம்ம கோயில்ல கட்டி வைக்கிறோம்னேன். எப்படி இருக்கு நான் சொன்னது? நியாயந்தான? இவன் என்ன செஞ்சான், அங்க போயி குளத்துல முங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டான். குழந்தையில தலையில ஊத்தின தண்ணி கணக்குல இல்லியாம். என் மேல காறித் துப்பின மாதிரி இருந்துச்சு தம்பி. எங்க வீட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால அவன் முழங்கால் போட மாட்டானாம். அந்தச் சுரூபத்துக்கு நேந்து பிறந்த புள்ள அவன்.

நான் அடிக்கல. ஏசல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். 'வருசத்துல ஒரு நாள், பாஸ்கா அன்னைக்கு வா. நம்ம பீடத்துல, நம்ம சாமியார் கையால நன்மை வாங்கு. கதவு திறந்திருக்கும். இல்லைன்னா இந்த வாசலை மிதிக்காத.' நான் என்ன தப்பாவா கேட்டேன்?

என்ன அப்படிப் பாக்கிய?

ஓ. அதுவா. இல்ல தம்பி, கூத்து வேற, வீடு வேற. கூத்துல ராசா தப்பான மதத்துக்குக் கூப்பிட்டான். நான் சரியான வேதத்துக்குல்லா கூப்பிட்டேன். ரெண்டும் எப்படி ஒண்ணாகும். நீங்க படிச்சவிய மாதிரி இருக்கிய, யோசிச்சுப் பாருங்க.

அவன் வரல. பாஸ்காவுக்குப் பாஸ்கா நான் வாசல்லதான் உக்காந்திருப்பேன். வரல. புள்ள பிறந்திருக்குன்னு சேதி வந்துது, பொம்பளைப் புள்ள. செலஸ்தீனா எனக்குத் தெரியாமப் போயிப் பாத்துட்டு வந்தா. எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். கூத்துல ராணிதான் பொல்லாதவ, மருமகளை மயித்தைப் பிடிச்சு இழுத்துத் தண்ணியில தள்ளுவா. எங்க வீட்டுல நேர் மாறு, ராணி மகன் பக்கம்.

இந்தத் தபசு காலம் தொடங்கின வாரம் சேதி வந்துது. ரெமிக்கு மஞ்சக்காமாலை முத்திட்டு, ஈரல் போயிட்டு, நாகர்கோயில் ஆஸ்பத்திரியில கிடக்கான்னு. செலஸ்தீனா சேலையைக்கூட மாத்தாம அப்படியே பஸ் ஏறிட்டா. என்னையும் கூப்பிட்டா. நான் போகத்தான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். ஆனா இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லி நின்னவன், போயி நின்னா அது என்ன அர்த்தம்? சொன்ன சொல்லுக்கு என்ன மரியாதை? சாகக் கிடக்கிறப்பமாவது இந்தப் பக்கம் திரும்பட்டும், திரும்பிட்டா ஆத்துமாவாவது கரை ஏறும், நானும் போயிருவேன். அதுதான் என் கணக்கு. சாமியார்கிட்டப் போயி, நன்மை எடுத்துக்கிட்டுப் போங்க, வாங்குதானான்னு பாருங்கன்னேன். சாமியார் சின்ன வயசு. 'நன்மையை வச்சு விலை பேசக் கூடாது பெரியவரே. நீங்க போங்க, போயி மகனைப் பாருங்க'ன்னாரு. இந்தக் காலத்துச் சாமியாருக்கு ஒரு கண்டிப்பு கிடையாது.

அதனால கித்தேரியானை அனுப்பினேன். வேற யாரை அனுப்ப, அவன்தான் பேச்சுல கெட்டிக்காரன். 'பாஸ்காவுக்கு நன்மை வாங்குதேன்னு வாயால ஒரு சொல் சொல்லட்டும், நான் அடுத்த பஸ்ல வாரேன்'னு சொல்லிவிட்டேன். அவன் போக மாட்டேன்னான். 'வேண்டாம்டே பொனிப்பாஸ், என்னை அனுப்பாத, வேற யாரையாவது அனுப்பு'ன்னான். நான்தான் கையைப் பிடிச்சு அனுப்பினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தான். கடக்கரையில வலைக்குப் பக்கத்துல உக்காந்துட்டான். என்னடே சொன்னான்னு கேட்டேன். ரெமி இவனைப் பாத்ததும் சிரிச்சானாம். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கு, சிரிச்சானாம். சிரிச்சுட்டு, 'அப்பாவை வேசத்தைக் கலைச்சுட்டு வரச் சொல்லுங்கண்ணாவி. எனக்குச் சோறு ஊட்டணும்லா'ன்னானாம்.

எனக்கு ஒண்ணும் புரியல. கூத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கு. நான் கைலியும் துண்டுமா நிக்கேன். நான் என்ன வேசம் போட்டிருந்தேன், கலைக்கதுக்கு? சொரத்துல பிதற்றுதான்னு நினைச்சேன். கித்தேரியான்கிட்ட அப்படித்தான் சொன்னேன். அவன் எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்குப் பிறகு அவன் என்கூடச் சரியாப் பேசல.

மறுநாள் விடியக்காலம் ரெமி போயிட்டான்.

பெல்சியா ஆளை அனுப்பினா. கடல் சத்தம் கேக்கிற இடத்துல புதைக்கணும்னு கேட்டிருக்கான், நம்ம கல்லறைத் தோட்டத்துல ஒரு குழி குடுங்கன்னு. ஊர்க் கமிட்டி கூடுச்சு. நான்தான் தலைவரு. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்காவ. முன்னால எங்க ஊர்க் கிழவன் ஒருத்தன் சபைக்குப் போயிச் செத்தப்போ, வேதம் விட்டவனுக்குத் தோட்டத்துல இடம் இல்லைன்னு சட்டம் சொன்னவன் நான். ஊரான் மகனுக்கு ஒரு சட்டம், எம் மகனுக்கு ஒரு சட்டமா? எந்திரிச்சு நின்னு, 'இடம் இல்ல'ன்னேன். ஒரு பயலும் வாயைத் திறக்கல. ஒருத்தன் எதுத்துப் பேசியிருந்தா விட்டுக்குடுத்திருப்பேன் தம்பி. இப்பவும் சொல்லுதேன், ஒருத்தன், ஒரே ஒருத்தன் 'என்னய்யா பேசுதிய'ன்னு கேட்டிருந்தா விட்டுக்குடுத்திருப்பேன். அம்புட்டுப் பேரும் கூத்துப் பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருந்தானுவ.

சபைக்காரங்க தோட்டத்துல புதைச்சாவ. செம்மண்ணு. கடக்கரையில பிறந்த புள்ள செம்மண்ணுல கிடக்கான். நான் போகல. செலஸ்தீனா திரும்பி வரல. அங்கயே மருமககூட இருந்துக்கிட்டா.

நேத்துக் கூத்து. துக்க வீடு, இந்தத் தடவை விட்டுருவோமேன்னு சிலவன் சொன்னான். நேர்ச்சையை எப்படி விட. கட்டினேன். கித்தேரியான் மேற்றிராணியார் வேசம் கட்ட மாட்டேன்னுட்டான், வேற ஒருத்தனைப் போட்டாவ. எர்மன் கட்டினது ஜோவின்னு ஒரு பையன், ரெமியோட சேக்காளி. உத்தரவு போடுற இடம் வந்துது. அடிவயித்துல இருந்து சொன்னேன். அம்புட்டு நல்லா நான் ஒரு வருசமும் சொன்னதில்ல. சொல்லிட்டு மண்ணு வந்து விழும்னு கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்.

விழல.

கண்ணைத் திறந்து பாத்தா முத்தம் பூரா சனம், ஒருத்தி வாயில ஒரு ஏச்சு இல்ல. ஒரு கைப்பிடி மண்ணு இல்ல. சும்மாப் பாத்துக்கிட்டு இருக்காளுவ. ஏசுங்கட்டின்னு கத்தணும் போல இருந்துச்சு. இத்தனை வருசமா வாங்கின ஏச்சு, இந்த வருசம் நான் என்ன குறை வச்சேன்? இன்னைக்குக் காலையில ஏலத்துல ஒருத்தி வந்து என் மீனையும் எடுத்துட்டா, விலைகூடப் பேசல. அதுதான் தம்பி தாங்க முடியல.

கூத்து முடிஞ்சு ஜோவினைச் சோறு ஊட்டக் கூட்டிட்டு வந்தேன். வீட்டுல பொம்பளை இல்ல, நானே வடிச்சேன், நானே கருவாட்டைச் சுட்டேன். முள்ளெல்லாம் எடுத்தேன். உருண்டையை நீட்டினேன். அவன் என் கையையே பாத்தான். 'மாமா, இது எனக்குள்ள சோறு இல்ல'ன்னான். எந்திரிச்சுப் போயிட்டான். கையில உருண்டையோட நான் உக்காந்திருக்கேன், அந்தப் பெரிய வீட்டுல ஒத்தையில.

அப்போதான் ரெமி சொன்னது ஞாபகம் வந்துது. பிதற்றலோ என்னமோ, கேட்டான்லா. சோறு ஊட்டணும்னு கேட்டான்லா. எர்மன் கட்டினவன்தான அவனும். சோத்துல தண்ணி ஊத்தி வச்சேன், காலையில எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். புதுசா வடிச்சிருக்கலாம், ஆனா அது வேற சோறு ஆயிரும்லா. கருவாடு இந்தப் பொட்டலத்துல இருக்கு. முள்ளு எடுத்தாச்சு.

கிரீடம் எதுக்கா? அதை முதல்ல அவன் காலடியில வைக்கணும்லா. முறை அதுதான. வேசத்தோட ஊட்டக் கூடாதுன்னு சொன்னேனே. நேத்து முத்தத்துல ஜோவின் காலடியில வச்சேன்தான். ஆனா எனக்கு இறக்கி வச்ச மாதிரியே இல்ல தம்பி. இப்பவும் தலை கனக்கு. பாருங்க, தலையில ஒண்ணும் இல்ல, ஆனா கனக்கு.

அந்த வீட்டுல என்னை உள்ள விடுவாளுவளான்னு தெரியல. விடலைன்னா பரவாயில்ல, வாசல்ல நின்னு அவன் குழி எதுன்னு கேட்டுக்கிடுவேன். பேத்திக்கு மூணு வயசு ஆகப் போகுது, நான் இன்னும் மூஞ்சி பாக்கல. தாத்தான்னு சொல்லுமா, யாரோன்னு ஓடிருமா தெரியல. வாத்தியார் சொன்னாருல்லா, ராசா நாள் கணக்கா அழுதான்னு. எங்க கூத்துல அது இருந்திருந்தா எப்படி அழணும்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

இது எந்த இடம்? வள்ளியூர் தாண்டிட்டா? கண்டக்டர், புளியடி விலக்கு ஒரு ஆள் இருக்கு, கொஞ்சம் மெதுவா நிப்பாட்டுங்க, கையில சாமான் இருக்கு.

அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி. ரெண்டு கையாலயும் பிடிங்க, ஆங்.

ஒண்ணு கேக்கணும். நீங்க இந்தப் பக்கத்து ஆளா? சபைக்காரங்க தோட்டத்துல கல்லறை மேல சிலுவை நட மாட்டாவளாமே, நெசமா? எங்க ஊர்ல சிலுவை தலைமாட்டுல நிக்கும், பாத்ததும் தெரிஞ்சிரும். இங்க வெறும் மண்மேடாத்தான் இருக்குமாம். புதைக்கும்போது நான் இல்ல பாத்தியளா. அவன் கால் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது.